தரையில் ஒரு முடிகூட இல்லை

ஒக்காருங்க்கா, ஒக்காருங்க. இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லாச் சாஞ்சு ஒக்காருங்க. காங்கயத்துல இத்தனை கூட்டம் ஏறும்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே எடுத்து வெச்சிருப்பேன். எதுவரைக்கும் போறீங்க? தாராபுரங்களா? நாங்க பழனிங்க. ஊரு திருச்செங்கோடு. ஈரோடு வந்து பஸ் மாறி வர்றோம்.

சன்னலோரம் இருக்கறது எம்புள்ளைங்க. சுபிக்ஷான்னு பேரு. தூங்கலைங்க, சும்மா கண்ணை மூடிட்டுச் சாஞ்சிருக்கறா. பேச்சுக் குடுத்தாலும் பேச மாட்டா, திமிருன்னு நெனச்சுக்காதீங்க. எங்கிட்டயே "சரிங்கம்மா", "இல்லீங்கம்மா", அத்தோட சரி. பெத்தவளை வாங்க போங்கன்னு பேசற புள்ளை இந்தக் காலத்துல எங்கீங்க இருக்குது?

அய்யோ, பழமெல்லாம் எதுக்குங்க, நீங்களே வெச்சுக்குங்க. அவ ஒண்ணும் திங்க மாட்டா. விரதமுங்க. பழனியாண்டவனுக்கு முடி எறக்கறதா வேண்டிட்டு விரதம் இருக்கறோம். நான் ஒரு வேளை சாப்பிடறேன். அவ அதுவும் இல்லை. நானாச் சொல்லலைங்க, அவளாத்தான். தட்டுல போட்டு வெச்சா ரெண்டு வாய். மூணாவது வாய்க்குப் போதுங்கம்மான்னு எந்திரிச்சுக்கறா. சாமி விசயத்துல இத்தனை வைராக்கியம் எனக்கே கெடையாதுங்க.

துண்டுங்களா? ஆமாங்க, எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. மொட்டை போட்டுட்டுத் திரும்பி வர்றவங்கதான் தலையில துண்டு கட்டுவாங்க, நாங்க போறப்பவே கட்டிட்டுப் போறோம். ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல பூக்காரி ஒருத்தி கேட்டே போட்டா. வெயிலுக்குன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீங்க கேக்காம பாத்தீங்க பாருங்க, அதுல எனக்குப் பொய் சொல்ல வாய் வரலை.

சொல்றேனுங்க. ஊருல ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்லை. எங்க நாத்தனாருக்குத் தெரியும், அவ்வளவுதான். நீங்க தாராபுரத்துல எறங்கிப் போயிருவீங்க, அப்பறம் நான் யாரோ நீங்க யாரோ. கொஞ்சம் இப்படிச் சாஞ்சுக்குங்க, அவ காதுல விழ வேண்டாம்.

அவளுக்கு முடி பிடுங்கற பழக்கமுங்க.

சண்டையில அடுத்தவ முடியப் பிடுங்கறது இல்லைங்க. அவ தலைமுடிய அவளே பிடுங்கறா.

எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்கென்னங்க தெரியும்? பத்து முடிச்சதும் ராசிபுரத்துப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்தி விட்டேன். நம்ம பக்கம் எல்லாரும் பண்றதுதானுங்களே? விடியறதுக்கு முன்னாடி எழுப்பிப் படிக்க ஒக்கார வெச்சுருவாங்க, மாசத்துக்கு ஒருக்கா பெத்தவங்களைப் பாக்க விடுவாங்க. நல்லாப் படிச்சா. ஒருநா வார்டன் அம்மா போன் பண்ணி, உங்க புள்ளை தலையணைக்கடியில முடி கத்தை கத்தையாக் கெடக்குது, வந்து பாருங்கன்னாங்க. எவளோ செய்வினை வெச்சுட்டான்னு நெனச்சேன். இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடிங்க அவளுக்கு, வெரல் வுட்டா நுழையாது. கண்ணு படாம இருக்குமா? மொளகா சுத்திப் போட்டேன், கயிறு மந்திரிச்சுக் கட்டுனேன்.

பன்னெண்டு முடிச்சு எழுதுன நீட் பரீட்சையில மார்க்குப் பத்தலை. சரி, இன்னொரு வருசம் ஊட்டுல இருந்தே படிக்கட்டும்னு கூட்டியாந்துட்டேன். எங்கூட்டுக்காரரு ரிக்கு வண்டியில சத்தீஸ்கரு பக்கம் போர்வெல் போடப் போயிருவாரு. பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்தாப் பெருசு. ஊட்டுல நானும் அவளும்தான். அப்பத்தானுங்க கண்ணால பாத்தேன்.

பொஸ்தகத்தைப் பிரிச்சு வெச்சுட்டு ஒக்காந்திருப்பா. வலது கை எழுதும். இடது கை மெல்ல மேல போகும். உச்சியில தடவித் தடவி ஒரு முடியத் தேடும், கொஞ்சம் முரடா, சுருண்டு இருக்குமே, அந்த மாதிரி ஒண்ணை. கெடைச்சதும் வெடுக்குன்னு ஒரு இழுப்பு. மூஞ்சியில வலியே இருக்காதுங்க, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இழுத்ததும் மூச்சை வுடுவா, பாரம் எறக்கி வெச்சவ மாதிரி. அப்பறம் அந்த வேரு இருக்குது பாருங்க, வெள்ளையா, அதை உதட்டுல வெச்சுத் தடவிட்டே படிப்பா. "என்னடி பண்றே?"ன்னு கத்துனா, "நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா"ங்கறா. பொய்யும் சொல்லலைங்க. கை அங்க இருக்கறதே அவளுக்குத் தெரியாது.

நான் பண்ணாத வைத்தியமில்லை. வேப்பெண்ணெய் தடவி விட்டேன், நாத்தத்துக்குக் கை போகாதுன்னு. இறுக்கிப் பின்னி விட்டேன். ரெண்டு கையிலயும் சாக்ஸை மாட்டிப் படிக்க ஒக்கார வெச்சேன். சாக்ஸு போட்ட கையில பக்கம் திருப்ப முடியலைன்னு அழுதா, அதனால இடது கைக்கு மட்டும்னு வெச்சோம். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுவா. எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டா.

டாக்டருகிட்டயா? அதுக்கும் போனேனுங்க. முதல்ல தோல் டாக்டரு. அவரு பாத்துட்டு, இது தோல்ல இல்லைம்மா, மனசுலன்னு சொல்லி ஈரோட்டுல ஒரு மனநல டாக்டரம்மாவுக்கு அனுப்பி வெச்சாரு. எனக்கு அந்தப் படியில ஏறறதுக்கே காலு கூசுச்சு. திருச்செங்கோட்டுக்காரங்க யாராச்சும் பாத்துத் தொலைஞ்சா? முந்தானையைத் தலையில போட்டுட்டுத்தான் போனேன்.

அந்தம்மா என்னை வெளிய ஒக்காரச் சொல்லிட்டு அவளை மட்டும் உள்ள கூப்பிட்டாங்க. பெத்தவளுக்குத் தெரியாம என்னங்க ரகசியம்? கதவு சரியாச் சாத்தலை. எனக்கு எல்லாம் கேட்டுச்சு. எம்புள்ளை பேசறா! ஊட்டுல வாயே தொறக்காதவ, மூச்சு விடாமப் பேசறா. காலையில எந்திரிக்கறப்பவே நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். கேஸை அடைச்சமா, கதவைப் பூட்டுனமான்னு திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பாளாம். பாக்கலைன்னா அம்மாவுக்கு என்னமோ ஆயிரும்னு தோணுமாம். பரீட்சை ஹாலுல கேள்வி கண்ணுக்குத் தெரியாம வெள்ளையாயிருச்சாம். முடியப் பிடுங்குனா மட்டும் ஒரு நிமிசம் எல்லாம் அடங்கிருதாம், அப்பறம் அவ மேல அவளுக்கே வெறுப்பா வருதாம். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? இத்தனையும் எங்கிட்டச் சொல்லலாமில்ல? யாரோ ஒருத்திகிட்டப் போய்க் கொட்டறா.

அப்பறம் என்னைக் கூப்பிட்டு அந்தம்மா சொல்லுச்சு. "இது கெட்ட பழக்கம் இல்லைம்மா, நோய். பதட்டமும் ஒரு நோய். இந்தப் புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு புடிச்சுட்டு வந்திருக்குது. மாத்திரை தர்றேன், வாரம் ஒருக்கா கூட்டிட்டு வாங்க. திட்டாதீங்க. கொஞ்ச நாளைக்குப் பரீட்சையப் பத்தி ஊட்டுல பேச வேண்டாம்"னு. பரீட்சையப் பத்திப் பேசாம வேற எதைப் பத்திங்க பேசறது? நான் என்ன அடிச்சா படிக்க வெக்கறேன்? காலையில காப்பி குடுக்கறப்ப, இன்னும் இத்தனை நாளுதான் இருக்குது கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். அவ்வளவுதான். அது ஞாபகப்படுத்தறது.

இன்னொண்ணு கேட்டுச்சு பாருங்க அந்தம்மா. "பிடுங்குன முடிய என்ன பண்றா? வாயில போட்டுக்கறாளா? முழுங்கறாளா? பாத்துச் சொல்லுங்க, அது நொம்ப முக்கியம்"னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எம்புள்ளை என்ன பைத்தியமா? பள்ளிக்கூடத்துல மொத மார்க்கு வாங்குன புள்ளைங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அந்த மாத்திரையும் வாங்கலை, அப்பறம் அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்கலை. பைத்தியக்கார மாத்திரை திங்கறான்னு நாளைக்கு ஒரு பேரு வந்தா, யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?

பதட்டம் யாருக்குங்க இல்ல? எனக்கும்தான் படபடன்னு வரும். அவரு ரெண்டு நாளு போன் எடுக்கலைன்னா வண்டி எங்க கவுந்துச்சோன்னு எனக்குச் சோறு எறங்காது. நான் என்ன முடியவா பிடுங்கறேன்?

இதுங்களா? இது ஒண்ணுமில்லைங்க. கட்டை வெரலு ஓரத்துல தோலு உரியும், பல்லுல கடிச்சு எடுத்துருவேன். சின்னதுல இருந்து அப்படித்தான். ரத்தமா? அட, ஆமாம். பேசிட்டே கடிச்சுட்டேன் போல. இருங்க, முந்தானையில தொடைச்சுக்கறேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், டாக்டரு பண்ணாததை நான் பண்ணுனேனுங்க. அதைக் கேளுங்க.

நான் கை நீட்டற ஆளு இல்லை. அவளை ஒரு அடி அடிச்சதில்லை, அது மட்டும் சாமி சத்தியம். சாயங்காலமானா சீமாத்தை எடுத்துட்டு அவ ரூமுக்குப் போவேன். கட்டிலுக்கடியில, மேசைக்கடியில, பொஸ்தகத்து நடுவுல, ஒரு முடி விடாமக் கூட்டி எடுப்பேன். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வெச்சு, அவ சாப்பிட ஒக்காரறப்ப தட்டுப் பக்கத்துல வெச்சுருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவ அதைப் பாத்துட்டே சாப்பிடோணும். சாப்பிட்டு முடிச்சாத்தான் எடுப்பேன். எங்க நாத்தனாரு ஒருநா வந்திருந்தா. "ஏனுங்கண்ணி, கண்றாவியா இருக்குது, சோத்துக்கிட்ட முடிய வெக்கறீங்களே"ன்னா. "அவளுக்கு அருவருப்பு வரோணும்னுதான் வெக்கறேன், உனக்கில்லை"ன்னுட்டேன்.

மொதநாளு பெரிய குவியலு. அவ அழுதுட்டே சோத்தைத் தின்னா. எனக்குப் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா மனசைக் கல்லாக்கிட்டேன். அடுத்தடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது. அப்பறம் ஒருநா கூட்டறேன், கூட்டறேன், ஒண்ணுமே வரலை. தலையணையை ஒதறிப் பாத்தேன், பாத்ரூம் ஓட்டையில கம்பி விட்டுப் பாத்தேன். தரையில ஒரு முடிகூட இல்லைங்க! எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு. அவளைக் கட்டிப் புடிச்சுட்டேன். உடனே அவருக்குப் போனைப் போட்டு, பாத்தீங்களா, டாக்டரும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், எங்கையால சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். அதுல இருந்து ஒருநாளும் தரையில நான் முடி பாக்கலை. இப்ப வரைக்கும் பாக்கலைங்க.

எங்க வீதிக்கு முடி வாங்கறவரு ஒருத்தரு வருவாரு. சைக்கிள்ல பிளாஸ்டிக் டப்பாவாத் தொங்க விட்டுட்டு வருவாரே, அவரு. சீப்புல வர்ற முடியச் சுருட்டிச் சுருட்டி சன்னல் சந்துல வெச்சிருந்து குடுத்தம்னா, வடிகட்டியோ டப்பாவோ குடுப்பாரு. இவ முடியப் பாத்துட்டு அவருக்கு ஒரே குசி. இத்தனை நீளம், வேரோட, அடிக்கடி குடுங்கம்மான்னாரு. முடி நின்னு போனதுக்கப்பறம் வந்து கேட்டாரு. இல்லையேன்னேன். வாசல்ல இவ நின்னுட்டு இருந்தா, துண்டு கட்டலை. அவரு இவ தலையப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "தலையிலயும் கொறைஞ்சு போச்சு, கூட்டறதுலயும் இல்லைங்கறீங்க. அப்ப எங்கம்மா போகுது?"ன்னாரு. "ஏப்பா, டப்பா விக்கற வேலையை மட்டும் பாரு"ன்னு அனுப்பிட்டேன். வாய் பாருங்க அவருக்கு.

நீங்களும் அதைத்தான் கேக்கறீங்களா? தலையில ஏன் வளரலைன்னு? வேரு செத்துப் போயிருக்குமுங்க, அத்தனை பிடுங்கியிருக்கறா இல்ல? அதுபோக எங்க தண்ணி. ஊருக்கெல்லாம் போர் போடறாரு எங்கூட்டுக்காரரு, எங்க ஊட்டு போர்ல மட்டும் உப்புத்தண்ணி. உச்சியில உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. காதுக்கு மேல ரெண்டு பக்கமும் அப்படியே. அதுக்குத்தான் மொட்டைங்க. ஒருக்கா அடியோட எடுத்துட்டா வர்றது கருகருன்னு வரும். மொட்டைத் தலையில சொட்டை தெரியாது, ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கை போனாலும் பிடுங்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. எல்லாத்துக்கும் ஒரே வழியா அந்தப் பழனியாண்டவன்கிட்டயே வேண்டிட்டேன்.

ஏன் இப்படி அவளையே பாக்கறீங்க? அவ எளைச்சிருக்கறா, தெரியும். கையப் புடிச்சுப் பாக்கறீங்களா, பாருங்க. வெளுப்பா? அவ கலருங்க அது, எங்க மாமியாரு கலரு. நெகம் வெள்ளையா இருக்கறது ரத்தக் கொறவா இருக்கும், பேரீச்சம்பழம் வாங்கித் தர்றேன், திங்கத்தான் மாட்டேங்கறா.

வவுறா? அய்யோ, அதைப் புடிச்சுட்டீங்களா. சுடிதாரு லூசாத் தெச்சும் தெரியுதா?

அதுல நான் பட்ட பாடு எனக்கும் அந்தச் சாமிக்கும்தான் தெரியும். சோறு திங்கறதில்ல, ஆனா மேல் வவுறு மட்டும் தூக்கிட்டு இருக்குது. தொட்டா உள்ள கல்லாட்டம் இருக்குதுங்க. குனிஞ்சா வலிக்குதுங்கறா. தின்ன ரெண்டு வாயையும் வாந்தி எடுக்கறா. எதுத்த ஊட்டு ராசாமணி ஒருநா எங்கிட்ட வந்து, "ஏன் அக்கா, புள்ளை வாந்தி எடுக்கற சத்தம் கேட்டுச்சு?"ன்னு கேட்டா பாருங்க. எனக்கு உசுரே போயிருச்சு. பக்கத்து ஊருக்குப் போயி, முகம் தெரியாத மெடிக்கல்ல அந்தக் கார்டை வாங்கியாந்தேன். என்ன கார்டுன்னு உங்களுக்குத் தெரியும். புள்ளையை பாத்ரூமுக்குள்ள அனுப்பிட்டு வாசல்ல நின்னேன். அந்த நேரம் இருக்குதே, என் எதிரிக்கும் வரக்கூடாது. ஒத்தைக் கோடுதாங்க வந்துச்சு. ஒண்ணுமில்லை! அங்கயே தரையில ஒக்காந்துட்டேன். எம்புள்ளை தப்புப் பண்ணலைன்னு ஆனதுக்கப்பறம் எனக்கு வேற எதைப் பத்தியும் கவலை இல்லை. கேஸு மாத்திரை வாங்கிக் குடுத்தேன்.

அந்த மெடிக்கல்காரரே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்கன்னு சொன்னாரு. எப்படிங்க எடுக்கறது? ஸ்கேன் சென்டருல ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரும் வரிசையா ஒக்காந்திருப்பாங்க. கல்யாணமாகாத புள்ளைய வவுத்து ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா, கேஸுன்னா நம்புவாங்க? சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். நேத்திக்கடனை முடிச்சுட்டு வந்து, வேற ஊருல எங்கயாச்சும் பாத்துக்கலாம்னு வெச்சிருக்கறேன். மொட்டையடிச்சு, மலையேறி அவனைப் பாத்துட்டா பாதி சரியாயிரும்.

இல்லீங்க, நீங்க சொல்றது எனக்குப் புடிக்கலை. முழுங்கறதாவது! முடியப் போயி யாராச்சும் முழுங்குவாங்களா? நான் பக்கத்துலயே இருக்கறனே, எனக்குத் தெரியாமலா? நீங்க அந்த டாக்டரம்மா மாதிரியே பேசறீங்க. நாங்கென்ன சோத்துக்கு இல்லாதவங்களா?

சுபி, என்ன கண்ணு? மறுபடியும் வலிக்குதா? அந்த வேகத்தடையில தூக்கிப் போட்டான் பாருங்க, கொஞ்சம் மெதுவாப் போனா என்னவாம். இரு, இரு, கவர் எடுக்கறேன். அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, சீலையில பட்டுரும். எடு கண்ணு, எடுத்துரு. ஒண்ணுமே திங்கலை, வெறும் தண்ணிதான் வரும், பாருங்க. தலையப் புடிச்சுக்கறேன். அவ்வளவுதான். அவ்வளவுதான்.

ஒதட்டுல என்னமோ ஒட்டிட்டு இருக்குது. முடி. காத்துல பறந்து வந்து ஒட்டிருக்கும், இரு, எடுத்து விடறேன்.

வருதுங்க.

நீளமா வருதுங்க. அக்கா, இது வெளிய ஒட்டுனது இல்லைங்க. உள்ள இருந்து வருது. இழுத்தா ஓங்கரிக்கறா. எங்கிருந்துங்க வருது? கவர்ல பாருங்க, கவர்ல. கொத்தா.

என்ன கண்ணு? என்ன சொல்றே? பக்கத்துல வந்து சொல்லு.

தட்டுக்கிட்ட வெச்சுறாதீங்கம்மான்னு சொல்றாளுங்க.

இங்க எங்கடி தட்டு இருக்குது? பஸ்ஸுல போயிட்டு இருக்கறோம் கண்ணு. அம்மா வெக்கலை. வெக்க மாட்டேன். எங்க தட்டு, பாரு, ஒண்ணுமே இல்லை.

அப்ப அத்தனையும் உள்ளதானுங்களா இருக்குது? நான் கூட்டக் கூட்ட வராததெல்லாம்? அய்யோ, நான் சாமிக்கு வெளக்குப் போட்டேனுங்களே. தரையில இல்லைன்னு நெய் வெளக்குப் போட்டேனுங்களே. இந்தக் கவரை நீங்க கொஞ்சம் புடிங்க, நான் இவ வாயைத் தொடைச்சு விடறேன்.

கண்டக்டரே, ஏனுங்க கண்டக்டரே! ஆமாங்க, சொல்லுங்க, நீங்களே சொல்லுங்க்கா. தாராபுரத்துல ஆஸ்பத்திரிக்கிட்டயே நிறுத்தச் சொல்லுங்க. வேண்டாங்க, பழனி வேண்டாம். அங்கயே எறங்கிக்கறோம். உங்க ஊருதானுங்களே, உங்களுக்கு ஆஸ்பத்திரியில ஆளு தெரியுமில்ல? நீங்களும் கூட வந்துருங்க்கா, உங்க காலுல வேணாலும் விழறேன். எம்புள்ளைய எப்படியாச்சும் காப்பாத்திருங்க. இவளை விட்டா எனக்கு யாருமில்லை.

ஒண்ணே ஒண்ணு மட்டும்.

என்ன தின்னா, எப்படி ஆச்சுன்னு டாக்டரு கேப்பாரு. ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னா, ஒத்துக்கலைன்னு சொல்லிக்கலாம். முடின்னு மட்டும் சொல்லிறாதீங்க. நான் உங்ககிட்டச் சொன்னதுல ஒண்ணையும் சொல்லிறாதீங்க. தாராபுரத்துல எங்க சொந்தக்காரங்க ஏகப்பட்ட பேரு இருக்கறாங்க, நர்ஸுங்களா இருக்கற புள்ளைங்களே உண்டு. முடி தின்ன புள்ளைன்னு ஒரு பேரு வந்துருச்சுன்னா அப்பறம் செத்தாலும் அது போகாதுங்க. வவுத்துல இருக்கறதை அவங்க மருந்து குடுத்துக் கரைச்சுருவாங்க, அதுக்குத்தான் அத்தனை படிச்சிருக்கறாங்க. எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கவரை இப்படிக் குடுங்க, சன்னல்ல வீசிர்றேன்.

குடுங்க்கா. ஏன் இறுக்கிப் புடிச்சுக்கறீங்க?

சுபி, இங்க பாரு. கண்ணைத் தொற. டாக்டரு கேட்டா என்ன சொல்லோணும்? புரோட்டா. என்ன? சத்தமாச் சொல்லு கண்ணு, இவங்களுக்குக் கேக்கட்டும்.

கேட்டுச்சுங்களா? வலியிலயும் சொல்றா பாருங்க, புரோட்டான்னு. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா, நானும் சொல்லப் போறதில்லை. இனி நீங்க மட்டுந்தானுங்க்கா.